காதுக்குச் செலவழித்த தயாரிப்பாளர்

கமல்ஹாசன் என்றதும் பேச்சு மேக்கப்புக்கும் கெட்டப்புக்கும்தான் போகும். இந்தியன் தாத்தா, அவ்வை சண்முகி மாமி, தசாவதாரத்தின் பத்து பேர். வேடிக்கை என்னவென்றால் இந்த மூன்று படங்களுமே அவர் சொந்தத் தயாரிப்பு அல்ல. இந்தியன் ஏ.எம்.ரத்னம் எடுத்தது, தசாவதாரம் ஆஸ்கார் ரவிச்சந்திரன் எடுத்தது. ஒட்டுத் தாடிக்கும் ரப்பர் முகத்துக்கும் பணம் போட வெளியே ஆள் இருந்தார்கள். ஆள் கிடைக்காத விஷயங்களுக்குத்தான் அவருக்கு ஒரு கம்பெனி தேவைப்பட்டது. ராஜ்கமல் ஃபிலிம்ஸ் இன்டர்நேஷனலின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வேறெந்தத் தமிழ்த் தயாரிப்பாளரும் கை வைக்கத் தயங்கிய ஒரு இடத்தில் அவர் திரும்பத் திரும்பச் செலவழித்திருப்பது தெரியும். அது ஒலி.

முதல் படமே அப்படித்தான். நடிகராக அவருடைய 100ஆவது படம் ராஜபார்வை (1981). ராஜ்கமலின் முந்தைய பெயரான ஹாசன் பிரதர்ஸ் பெயரில் எடுத்தது, இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். அதற்குள் அவர் ஆறு வயதுக்குள் களத்தூர் கண்ணம்மாவில் (1960) நடித்து, டி.கே.எஸ். நாடகக் குழுவில் பயின்று, நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்து, பாலசந்தர் படங்களில் வளர்ந்து, 16 வயதினிலே (1977) சப்பாணியாகவும் வந்துவிட்டார். 100ஆவது படம் என்றால் அன்று ஒரு நட்சத்திரம் என்ன செய்வார்? சண்டை, டூயட், வெள்ளிவிழா கணக்கு. இவரோ ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வயலின் வாசித்துப் பிழைக்கும் பார்வையற்ற ஒருவனைக் கதாநாயகனாக்கினார். உலகத்தைக் காதால் மட்டும் அறிகிறவன். இளையராஜாவின் இசை இன்றும் பேசப்படுகிறது, படம் அன்று ஓடவில்லை. நஷ்டத்தை அடைக்க நடிகர் கமல் மற்றவர்கள் படங்களில் உழைக்க வேண்டியிருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கான கணக்கு முறையும் இதுவே ஆனது. நடிகர் சம்பாதிப்பார், தயாரிப்பாளர் செலவழிப்பார்.

கண்ணுக்காகச் செலவழித்த ஒரு படத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே பணம் திரும்பி வந்தது. அபூர்வ சகோதரர்கள் (1989) முதலில் வேறு கதையாகத் தொடங்கிச் சில நாள் படப்பிடிப்பும் நடந்தது. திருப்தி இல்லை. பஞ்சு அருணாசலம் உள்ளே வந்து பழிவாங்கும் கதையாக மாற்றிக் கொடுத்தார், எடுத்த காட்சிகள் குப்பைக்குப் போயின. வெளித் தயாரிப்பாளராக இருந்தால் எடுத்ததை எப்படியாவது ஒட்டவைக்கத்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் படத்தில் கமல் நடித்த குள்ள அப்பு எப்படிக் குள்ளமானார் என்பது பல ஆண்டுகள் ரகசியமாக இருந்தது. ஒரே ஒரு வித்தை அல்ல அது. கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வித்தை மாறியது. நேர்க்கோணத்தில் அப்பு நடந்துவர வேண்டுமானால் தரையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் பள்ளத்துக்குள் நடக்கும், முழங்காலில் கட்டிய தனி ஷூ தரைமட்டத்தில் தெரியும். பக்கவாட்டுக் கோணத்தில் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே காலைப் பின்னால் மடித்துக்கொண்டு, முழங்காலில் மாட்டிய ஷூவில்தான் நடை. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டும் காட்சிக்குச் செயற்கைக் கால்கள். ஆக ஒரே காட்சிக்குள் கோணம் மாறினால் கால் மாறும், கால் மாறினால் நடையின் தாளமும் மாறும். மூன்றையும் ஒரே ஆளின் நடையாகக் காட்டியது நடிப்பு வேலை. எந்த ஷாட்டுக்கு எந்தக் கால் என்று முன்கூட்டியே பிரித்துவைத்தது இயக்குநர் சிங்கீதமும் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமும் செய்த வேலை. இதில் எளிதில் பிசகக்கூடியது கால் அல்ல, கைதான். முழங்காலை மடித்தால் உயரம் குறையும், கை நீளம் குறையாது. தொங்கவிட்டால் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கை சும்மா தொங்கக் கூடாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அப்புவை மறுபடி பாருங்கள்.

இப்போது ஒலிக்கு வருவோம்.

1990களின் தொடக்கத்தில் ஒரு சராசரி தமிழ்நாட்டுத் திரையரங்கில் என்ன கேட்டது? திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி, ஒரே ஒரு தடம். பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும் அந்த மோனோ ஒலித்தடத்துக்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று இரைச்சல். பிலிம் கீறலும் தூசியும் சேரச் சேர 'ஷ்ஷ்' என்று ஒரு மழை பெய்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலை அமுக்க உயர் அதிர்வெண்களை வெட்டுவார்கள், அதனால் ஒலி மங்கும். இது இரண்டாவது நோய். விளைவு, அமைதி என்ற ஒன்றைப் படத்தில் வைக்கவே முடியாது. யாரும் பேசாத இடத்தில் இரைச்சல்தான் கேட்கும். அதனால்தான் ரீ-ரெக்கார்டிங்கில் வயலின் கூட்டத்தை நிரப்பி மூடினார்கள். நம் படங்களில் பின்னணி இசை ஓயாமல் ஓடுவதற்கு ரசனை பாதிக் காரணம் என்றால் இந்த ஒளிக்கோடு மீதிக் காரணம்.

தேவர் மகன் (1992) இந்த எல்லைக்குள்ளேயே நின்று சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருதை என்.பாண்டுரங்கனுக்கு வாங்கித் தந்தது. அந்தப் படத்தின் திரைக்கதையைக் கமல் மூவி மேஜிக் என்ற கணினி மென்பொருளில் எழுதினார் என்பதுதான் அதிகம் சொல்லப்படுகிற செய்தி. ஒலி விருதை யாரும் சொல்வதில்லை.

குருதிப்புனல் (1995) அந்த எல்லையை உடைத்த படம். கோவிந்த் நிஹலானியின் துரோக்கால் படத்தின் தமிழ் வடிவம், இயக்கமும் ஒளிப்பதிவும் பி.சி.ஸ்ரீராம். பாட்டு கிடையாது. பின்னணி இசை மகேஷ். இந்தியாவில் டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் எஸ்.ஆர். முறையில் வந்த முதல் படம். எஸ்.ஆர். என்பது இரைச்சலை அடக்கும் முறை. அது வந்த பிறகு ஒரு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினால் அந்தத் தாழ்ந்த குரலே போதும், இசை முட்டுக்கொடுக்க வேண்டாம். கமலும் நாசரும் எதிரெதிரே உட்காரும் விசாரணைக் காட்சிகளை இதை வைத்துக் கேட்டால் ஸ்ரீராம் எதற்காக அத்தனை நேரம் அமைதியை விட்டிருக்கிறார் என்று புரியும்.

சிக்கல் எங்கே வந்தது? டால்பி ஸ்டீரியோவில் இடம், நடு, வலம், சுற்றொலி என்று நான்கு சேனல்கள். அவற்றை இரண்டு ஒளிக்கோடுகளுக்குள் மடக்கி வைப்பார்கள். அரங்கில் இருக்கும் டீகோடர்தான் மறுபடி நான்காக விரிக்க வேண்டும். அந்தப் பெட்டி இல்லாத அரங்கில் இரண்டு கோடும் ஒன்றாகச் சேர்ந்து மோனோவாக ஒலிக்கும். வசனம் தப்பித்துவிடும், நடுச் சேனல் இரண்டு கோட்டிலும் சமமாக இருக்கிறது. ஆனால் சுற்றொலியை இரண்டு கோட்டிலும் எதிரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி, பதித்திருப்பார்கள். இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு காணாமல் போகும். அதாவது பின்பக்கத்திலிருந்து கேட்பதற்காகக் காசு போட்டுச் செய்த ஒலி, பழைய அரங்கில் மெலிதாகக்கூடக் கேட்காது. அறவே கேட்காது. 1995இல் தமிழ்நாட்டில் டீகோடர் வைத்திருந்த அரங்குகள் சொற்பம். படம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஊர்ப்பக்க ரசிகன் கேட்டதோ பாட்டும் இல்லாத, சுற்றொலியும் இல்லாத ஒரு மோனோ படம். தயாரிப்பாளர் கமலின் வழக்கமான சறுக்கல் இதுதான் என்பது என் கணிப்பு. தொழில்நுட்பத்தை அவர் வாங்கிவிடுவார். அதைக் கேட்கவைக்கும் அரங்கு அவர் கையில் இல்லை.

ஹே ராம் (2000) இன்னொரு வகைப் பரீட்சை. தமிழிலும் இந்தியிலும் ஒரே நேரத்தில் எடுத்தது, எழுத்து, இயக்கம், நடிப்பு, தயாரிப்பு எல்லாம் ஒருவரே. முதலில் இசைக்கு இருந்தவர் வயலின் மேதை எல்.சுப்ரமணியம். பாடல்களும் படமாக்கப்பட்டன. பிறகு இசையமைப்பாளர் மாற, இளையராஜா வந்தார். சாதாரணமாக இந்த இடத்தில் என்ன நடக்கும்? பழைய பாடல் காட்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பாட்டுக்கு மறுபடி படப்பிடிப்பு நடக்கும். செட், நடிகர் தேதி, காலகட்ட உடைகள் என்று தயாரிப்பாளர் கழுத்துக்குக் கத்தி. இளையராஜா மறு படப்பிடிப்பே வேண்டாம் என்று, ஏற்கெனவே எடுத்த உதட்டசைவுக்கே புது மெட்டுப் போட்டார்.

இது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பிலிம் ஒரு வினாடிக்கு 24 பிரேம். நிமிடத்துக்கு 90 தட்டு வேகம் என்றால் ஒரு தட்டு சரியாக 16 பிரேம், 96 என்றால் 15 பிரேம், 80 என்றால் 18 பிரேம். பழைய மெட்டின் வேகத்துக்கு நடிகர்கள் அசைந்திருப்பார்கள், எடிட்டர் அந்தத் தட்டில்தான் வெட்டியிருப்பார். புது மெட்டு அந்தப் பிரேம் கணக்கை விட்டு நகர முடியாது. அடுத்தது எழுத்து. ப, ம வந்தால் உதடு ஒட்டும். வ என்றால் கீழுதடு பல்லைத் தொடும். ஊ என்றால் குவியும், ஆ என்றால் திறக்கும். திரையில் உதடு ஒட்டுகிற பிரேமில் பாட்டில் 'கா' வந்தால் இரண்டு மூன்று பிரேமுக்குள் கண் பிடித்துவிடும். ஆக வேகம், வரியின் நீளம், மூச்சு விடும் இடம், ஒட்டெழுத்து வரும் இடம் எல்லாம் முன்பே பூட்டப்பட்டுவிட்டன. ராகமும் பொருளும் மட்டும் திறந்திருக்கின்றன. அந்த இடுக்குக்குள் புகுந்துதான் அந்தப் பாடல்கள் இப்படி வந்திருக்கின்றன. பின்னணி இசைக்கு புடாபெஸ்ட் போய் அங்குள்ள சிம்பொனிக் குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். மறு படப்பிடிப்பில் மிஞ்சியது அங்கே போயிருக்கும் என்று கேலியாகச் சொல்லலாம். படம் வசூலில் தோற்றது. உடை வடிவமைப்புக்கு சரிகா, துணை நடிப்புக்கு அதுல் குல்கர்னி, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஒன்று என மூன்று தேசிய விருதுகள். இசைக்கு ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் விருமாண்டிதான் (2004). 'சண்டியர்' என்ற பெயருக்கு எழுந்த எதிர்ப்பில் பெயர் மாறியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் படம் நேரடி ஒலிப்பதிவில், அதாவது நடிகர்கள் தளத்தில் பேசியதையே பதிந்து, எடுக்கப்பட்டது என்பது அவ்வளவாகத் தெரியாது.

அன்றைய தமிழ்ப் படப்பிடிப்புத் தளம் எப்படி இயங்கும் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய முடிவு என்று விளங்கும். கேமராவே தையல் மிஷின் மாதிரி கடகடக்கும். உதவி இயக்குநர் ஓரத்தில் நின்று வசனத்தை வரிவரியாக எடுத்துக்கொடுப்பார், நடிகர் அதை வாங்கிப் பேசுவார். இயக்குநர் டேக் ஓடும்போதே "இப்ப திரும்பு, கண்ணைத் துடை" என்று கத்துவார். ஜெனரேட்டர் வண்டி பக்கத்திலேயே உறுமும். இதெல்லாம் பதிவாகும் ஒலி கைடு டிராக் மட்டும், பிற்பாடு தூக்கி எறியப்படும். மாதங்கள் கழித்து குளிர்சாதன அறையில் நின்று, துண்டு துண்டாக ஓடும் காட்சியைப் பார்த்து நடிகரோ வேறொருவரோ மறுபடி பேசுவார். காலடி, வளையல், கதவு எல்லாம் தனியாகச் செய்து ஒட்டப்படும்.

நேரடி ஒலி என்றால் இந்தப் பழக்கம் அத்தனையும் போக வேண்டும். சத்தம் அடக்கிய கேமரா வேண்டும். ஜெனரேட்டரைத் தூரத்தில் நிறுத்தி நீளமான கேபிள் இழுக்க வேண்டும். எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது, எல்லோருக்கும் வசனம் மனப்பாடமாக வேண்டும். கழியில் கட்டித் தலைக்கு மேல் நீட்டும் பூம் மைக்கின் நிழல் முகத்தில் விழாமல் லைட் மாற்ற வேண்டும். சட்டைக்குள் வைத்த சின்ன மைக்கில் வேட்டி, துண்டு உரசும். ஒவ்வொரு இடத்திலும் டேக் முடிந்ததும் அரை நிமிடமாவது யாரும் அசையாமல் நிற்க, வெறும் இடத்தின் ஒலியைத் தனியாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பின்னணி ஒலி துண்டு துண்டாகத் தெரியும். விருமாண்டியிலோ ஊர்க்கூட்டம், சிறைக் கலவரம், மாடுபிடி என்று ஆள் திரண்ட காட்சிகள். கிராமத்தின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். வெளியே நகரத்தின் ஹாரன் எப்போது வேண்டுமானாலும் நல்ல டேக்கைக் கெடுக்கும். இயக்குநரே கதாநாயகனாக நடிக்கும்போது இன்னொரு தொல்லை. டேக் ஓடும்போது அவரால் மற்றவர்களைக் கேட்க முடியாது, தன் வசனத்தில் இருப்பார். ஒவ்வொரு முறையும் மானிட்டருக்குப் போய்ப் பார்த்து, கேட்டு, திரும்பி வர வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? கதை அமைப்பு அதைக் கேட்கிறது. ரோகிணி நடித்த ஆவணப்பட இயக்குநரிடம் சிறையில் இருக்கும் கொத்தாளத் தேவர் (பசுபதி) தன் கதையைச் சொல்கிறார், பிறகு விருமாண்டி தன் கதையைச் சொல்கிறான். அதே ஊர், அதே சம்பவம், சில இடங்களில் கிட்டத்தட்ட அதே சொற்கள். ஒரு கதையில் திமிராகக் கேட்கும் வாக்கியம் மற்றதில் தற்காப்பாகக் கேட்க வேண்டும். வித்தியாசம் சொல்லில் இல்லை. மூச்சிலும், ஒரு அரைநொடித் தயக்கத்திலும், எதிரே நிற்பவன் எவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறான் என்பதிலும் இருக்கிறது. டப்பிங் அறையில் மைக்கிலிருந்து ஒரே தூரத்தில் நின்று, ஆறு மாதம் கழித்துப் பேசினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பசுபதியின் குரலை மட்டும் இரண்டு வடிவங்களிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே ஆள் இரண்டு ஆளாகியிருப்பார். காதுக்குப் போட்ட காசு இந்த ஒரு முறை வீணாகவில்லை. படமும் ஓடியது.

அடுத்து வந்த மும்பை எக்ஸ்பிரஸ் (2005) நேர்மாறு. பிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவில் எடுத்த முதல் தமிழ்ப் படங்களில் ஒன்று. அன்றைய கருவிகளுக்கு பிலிமின் செறிவு கிடையாது. அதே நாளில், 2005 ஏப்ரல் 14இல், சந்திரமுகியும் வெளியானது. மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

விஸ்வரூபத்தில் (2013) பழைய கதை பெரிய அளவில் திரும்பியது. இந்தியாவில் ஆரோ 3டி ஒலியில் வந்த முதல் படம் அது. ஐந்து ஒலிபெருக்கியும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு பெட்டியும் கொண்ட வழக்கமான 5.1க்கு மேலே உயரத்தில் ஐந்து ஒலிபெருக்கி, தலைக்கு நேர் மேலே ஒன்று, ஆக 11.1. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் மேலேயே கேட்கும். அதை ஒலிக்கக்கூடிய அரங்குகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இதற்கிடையில் அவரே திரையரங்குகளைத் தாண்டி டி.டி.எச். வழியாக 1,000 ரூபாய் கட்டணத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டார். வியாபாரமாக அது முன்யோசனைதான். ஆனால் பதினொரு சேனல் ஒலிக்குப் பணம் போட்டவர் முதல் காட்சியை டிவி ஸ்பீக்கருக்கு அனுப்ப நினைத்ததில் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒரே ஆளுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் இஸ்லாமிய அமைப்புகளின் எதிர்ப்பு, தமிழக அரசின் 144 தடை உத்தரவு, நீதிமன்றம். சொத்தை அடமானம் வைத்துத்தான் படம் எடுத்திருக்கிறேன் என்று செய்தியாளர்களிடம் கமல் வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் சில இடங்களில் ஒலியை அணைக்க ஒப்புக்கொண்ட பிறகு 2013 பிப்ரவரி 7இல் தமிழ்நாட்டில் வெளியானது. உலகின் மற்ற பல இடங்களில் ஜனவரி 25ஆம் தேதியே வந்துவிட்டது.

இயக்குநராக அவர் பெயர் வந்த படங்கள் சாச்சி 420 (1997), ஹே ராம், விருமாண்டி, விஸ்வரூபம், விஸ்வரூபம் 2 (2018) ஆகிய ஐந்துதான். முதலாவதுகூட வேறொருவர் தொடங்கி, இவர் கைக்கு வந்தது. இரண்டாம் எலிசபெத் மகாராணி வந்து 1997 அக்டோபரில் சென்னை எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில் தொடங்கிவைத்த, அவர் இயக்கவிருந்த மருதநாயகம், பணம் கிடைக்காமல் நின்றுபோனது.

2022இல் விக்ரம் ஓடிய ஓட்டத்தில் இனி கடனையெல்லாம் அடைப்பேன் என்று பேசினார். இயக்கம் லோகேஷ் கனகராஜ். நடிப்பும் தயாரிப்பும் மட்டும் கமல். 2024இல் அமரனில் அவர் நடிக்கவும் இல்லை. சிவகார்த்திகேயன் நடிக்க, ராஜ்குமார் பெரியசாமி இயக்க, ராஜ்கமல் சோனி பிக்சர்ஸுடன் சேர்ந்து தயாரித்தது. வேடத்தை ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற வரவு கூடுகிறது. கணக்குப் பிள்ளைக்கு இது மகிழ்ச்சியாக இருக்கலாம். விருமாண்டியின் ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி இருக்காது.